96 சதுர அடித் தோட்டத்தில் இடம் எங்கே போனது? – ஒரு நிகழ்வு ஆய்வு

தோட்டமும் அதன் குறையும்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தோட்டம் ஒரு வீட்டின் பின்புறத்தில், 12 அடி நீளமும் 8 அடி அகலமுமாக, மொத்தம் 96 சதுர அடியில் அமைந்தது. பணி ஓய்வு பெற்ற கணவன், மனைவி இருவரும் அதைப் பேணி வருகின்றனர். நீளவாக்கு வடக்கு தெற்காகக் கிடக்கிறது. மேற்கு ஓரத்தில் 7 அடி உயரச் சுற்றுச்சுவர் உள்ளது. கிழக்குப் பக்கம் திறந்த முற்றம். ஆகவே காலையிலிருந்து பிற்பகல் வரை பெரும்பகுதிக்கு நேர் வெயில் கிடைக்கிறது. அதன் பிறகு சுவரின் நிழல் மெல்லக் கிழக்கே நகர்ந்து மண்ணை மூடிவிடுகிறது. தெற்கு முனையில் மட்டும் பக்கத்து மனை மரம் ஒன்று மறைப்பதால், ஏறத்தாழ 3 அடி நீளத்துக்கு 4 மணி நேர வெயிலே விழுகிறது.

அவர்கள் தெரிவித்த குறை ஒன்றுதான்: இடம் போதவில்லை. மூன்று வரிசைகளில் தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றை நட்டு வந்தனர். கீரைக்கோ கொடிக்கோ இடமில்லை என்று கருதினர். தக்காளியும் கத்தரியும் 2 அடிக்கு ஒன்றாக ஆறாறு செடிகள், வெண்டை 1 அடிக்கு ஒன்றாக 12 செடிகள், ஆக 24 செடிகள் இருந்தன. ஒரு சதுர அடிக்கு ஒரு செடி என்ற கணக்கை எங்கோ படித்துவிட்டு, அடுத்த பருவத்தில் தக்காளி, கத்தரி இரண்டையும் இரட்டை வரிசையாக, 1 அடி இடைவெளியில் மாற்றி மாற்றி நட்டனர். வெண்டையை அப்படியே விட்டனர். செடிகளின் எண்ணிக்கை 60 ஆனது.

முதல் ஒரு மாதம் தோட்டம் கண்ணுக்கு நிறைவாகவே இருந்தது. அதன்பின் செடிகள் கிளை பரப்பும் இடமில்லாமல் மெலிந்து உயர்ந்தன. தக்காளியின் அடி இலைகளில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. கத்தரியில் பூ உதிர்ந்தது. நடைபாதையை இருபுறக் கிளைகளும் அடைத்துக்கொண்டதால், உள்ளே புகும்போதெல்லாம் ஏதாவது ஒரு கிளை ஒடிந்தது. செடிகள் இரண்டரை மடங்கு ஆகியும் அறுவடை முந்தைய பருவத்தை எட்டவில்லை. இந்த நிலையில்தான் நான் அத்தோட்டத்தைப் பார்த்தேன்.

நெருக்கி நட்டதால் ஏன் பலனில்லை

தோட்டக்காரர்கள் இடத்தைச் சேமிக்க நினைக்கும்போது முதலில் கை வைப்பது செடிகளுக்கு இடையே உள்ள இடைவெளியில்தான். இந்தத் தோட்டத்தில் நடந்ததும் அதுவே. ஆனால் ஒரு நிலப்பரப்பில் விழும் ஒளியின் அளவு, அங்கே எத்தனை செடிகள் நின்றாலும் மாறுவதில்லை. இலைகள் ஒன்றையொன்று தொட்டு மண்ணை முழுவதுமாக மூடிவிட்ட பிறகு, கூடுதலாக நடப்படும் ஒவ்வொரு செடியும் பக்கத்துச் செடியின் ஒளியையே பங்கிட்டுக்கொள்கிறது. கிரா, ஷினோசாகி முதலிய ஜப்பானிய அறிஞர்கள் 1950களில் இதை அளந்து காட்டினார்கள்: செடிகளின் அடர்த்தியை ஓர் அளவுக்கு மேல் கூட்டினால், ஒரு பரப்பில் விளையும் மொத்தத் தாவரப் பொருளின் எடை ஏறாமல் ஒரே நிலையில் நின்றுவிடுகிறது, ஒவ்வொரு செடியும் அதற்கேற்பச் சிறுக்கிறது.

இந்த விதி எல்லாப் பயிருக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதே வீட்டுத் தோட்டத்துக்கு முக்கியமான செய்தி. கீரையில் தண்டும் இலையும்தான் விளைச்சல். மொத்தப் பொருள் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவும் உண்ணத் தகுந்தது. ஆகையால் கீரையை நெருக்கித் தூவினால் மண் விரைவில் மூடும், அறுவடையும் விரைவில் வரும், இழப்பு ஏதுமில்லை. முள்ளங்கியிலும் கேரட்டிலும் நெருக்கம் கூடினால் மொத்த எடை குறையாவிட்டாலும், கிழங்கு விரல் பருமனில் நின்றுவிடும், இலைதான் மிஞ்சும். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற காய்க்கும் செடிகளில் நிலைமை இன்னும் கடுமையானது. ஒளி குறைந்த செடி முதலில் தன்னைக் காத்துக்கொள்ளத் தண்டை நீட்டுகிறது. பூவுக்கும் காய்க்கும் கடைசியாகவே பங்கு கொடுக்கிறது. உண்மையில் நிழல் விழும் முன்பே இது தொடங்கிவிடுகிறது. பச்சை இலை செவ்வொளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கும் அப்பாற்பட்ட தொலைச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பக்கத்தில் இலை இருக்கிறது என்பதை அந்த ஒளி விகிதத்திலிருந்தே உணர்ந்துகொள்ளும் செடி, போட்டி வருவதற்கு முன்பே உயரத் தொடங்குகிறது. அத்தோட்டத்துத் தக்காளிகள் மெலிந்து வளர்ந்ததற்கு உரக்குறைவு காரணமில்லை.

நோய்க்கும் காரணம் இதுவே. இலைகள் அடர்ந்த இடத்தில் காற்று ஓடாது. காலைப் பனியும் தெளித்த நீரும் இலைமேல் நெடுநேரம் தங்கும். பூசண வித்துகள் முளைத்து இலைக்குள் நுழைய அந்த ஈரமே போதும். அடி இலையில் தோன்றிய வளையப் புள்ளிகள் முன்பருவ இலைக்கருகல் என்னும் பூசண நோயின் அடையாளம். மருந்து தெளிப்பதற்கு முன்பு இடைவெளியைச் சரி செய்ய வேண்டியிருந்தது.

சதுர அடிக்கு ஒரு செடி என்ற கணக்கு தவறானதன்று; அது தன் முழு முறையிலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டிருந்தது. அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் மெல் பார்தலோமியூ 1981-இல் நூலாக வெளியிட்ட அம்முறையில், 4 அடிக்கு 4 அடிப் பாத்தியை 16 கட்டங்களாகப் பிரித்து, 3 அங்குல இடைவெளி வேண்டும் பயிரைக் கட்டத்துக்கு 16, 4 அங்குலம் என்றால் 9, 6 அங்குலம் என்றால் 4, 1 அடி என்றால் 1 என்று நடுகிறார்கள். தக்காளிக்கு ஒரு கட்டம் போதும் என்று அங்கே சொல்வது, பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் மேலேற்றப்படும் கொடித் தக்காளிக்கு. இவர்கள் நட்டதோ புதராகப் பரவி, ஓர் உயரத்துக்குப் பின் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் குட்டை இரகம். அதன் பக்கக் கிளைகளில்தான் பெரும்பாலான காய்கள் பிடிக்கும் என்பதால் அதைக் கிள்ளவும் கூடாது. இடைவெளிக் கணக்கை எடுத்துக்கொள்ளும்போது, அது எந்த இரகத்துக்கு, எந்த வளர்ப்பு முறைக்குச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடைபாதை விழுங்கிய பரப்பு

செடி இடைவெளிக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, தரையை நாடா வைத்து அளந்தோம். சுவரோரம் 1 அடி வெற்றிடம், பிறகு 1 அடி அகல வரிசை, 2 அடி நடைபாதை, மறுபடி வரிசை, மறுபடி நடைபாதை, கடைசி வரிசை. மூன்று வரிசைகளும் சேர்ந்து 36 சதுர அடி. காலுக்கும் வெற்றிடத்துக்கும் 60 சதுர அடி. தோட்டத்தின் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் நடப்பதற்காகவே ஒதுக்கப்பட்டிருந்தது. செடியின் கிளைகள் பாதையின் மேல் பரவுவது உண்மைதான். ஆனால் மிதிபட்டு இறுகிய மண்ணில் வேர் பரவாது, ஊற்றும் நீரும் உள்ளே இறங்காது.

தனித்தனி வரிசையில் நடும் வழக்கம் வயலுக்கு உரியது. 1701-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் விதைப்புக் கருவியை உருவாக்கி, குதிரை இழுக்கும் களைக்கருவி செல்லுமளவுக்கு வரிசைகளை விலக்கி விதைக்கச் சொன்னபோது, இடைவெளியின் அளவைத் தீர்மானித்தது கருவியின் அகலமும் விலங்கின் நடையும்தான். கையால் களையெடுக்கும் வீட்டுத் தோட்டத்தில் அந்தக் காரணம் இல்லை. இங்கே பாத்தியின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டியது கை எட்டும் தொலைவு. குந்தி உட்கார்ந்தவரின் கை 2 அடி தூரத்துக்குச் சிரமமின்றி எட்டும். இருபுறமும் அணுக முடிந்தால் பாத்தி 4 அடி அகலம் இருக்கலாம். ஒரு பக்கம் சுவர் என்றால் 2 அடி, சற்று நீட்டினால் இரண்டரை அடி.

இதன்படி சுவரையொட்டி இரண்டரை அடி அகலப் பாத்தி, அடுத்து ஒன்றரை அடி நடைபாதை, அதற்கப்பால் 4 அடி அகலப் பாத்தி என்று பிரித்தோம். கிழக்கில் முற்றமே திறந்திருப்பதால் அந்தப் பக்கத்துக்குத் தனிப் பாதை தேவைப்படவில்லை. நடவுப் பரப்பு 36-இலிருந்து 78 சதுர அடியானது. பாதைக்கு 18 சதுர அடி மட்டும் போனது. ஒரு செடியைக்கூட நெருக்காமல், நிலத்தை அங்குலமும் விரிக்காமல், பரப்பு இரு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. இந்தத் தோட்டத்தில் செய்த எல்லா மாற்றங்களிலும் இதுவே மிகப் பெரியது என்று நான் உறுதியாகச் சொல்வேன். இதற்குச் செலவிட்டதோ மண்வெட்டியும் இரண்டு காலைப் பொழுதுகளும்தான்.

பாத்திக்குள் இனிமேல் கால் வைப்பதில்லை என்ற கட்டுப்பாட்டுடன், 1 அடி ஆழம் கொத்திப் பொலபொலப்பாக்கி, பாதையிலிருந்து தோண்டிய மேல்மண்ணையும் பாத்தியில் கூட்டி மேட்டுப்பாத்தியாக அமைத்தோம். மேலே 2 அங்குலக் கனத்துக்கு மக்கிய உரம் பரப்பினோம். 78 சதுர அடிக்கு அது 13 கன அடி, அதாவது சுமார் 370 லிட்டர். வீட்டுத் தோட்டக்காரர்கள் ஒரு சிறு பை உரத்தைத் தூவிவிட்டுப் போதும் என்று நினைப்பதால் இந்த அளவை இங்கே குறிப்பிடுகிறேன். ஒரே மண்ணிலிருந்து இரட்டிப்பு எடுக்க வேண்டுமென்றால் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

முக்கோண நடவு பற்றி ஒரு கணக்கு

சதுரமாக நடுவதைவிட முக்கோணமாக, அதாவது ஒரு வரிசைச் செடிகளை முந்தைய வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக நட்டால் ஒரே இடைவெளியில் 15 விழுக்காடு செடிகள் கூடுதலாகப் பிடிக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எல்லையற்ற வயலுக்கு அந்தக் கணக்கு சரி. இந்தத் தோட்டத்தின் 4 அடிக்கு 12 அடிப் பாத்திக்கு அதைப் போட்டுப் பார்த்தோம். 1 அடி இடைவெளியில், ஓரத்திலிருந்து அரை அடி உள்தள்ளி, சதுரமாக நட்டால் அகலத்தில் 4, நீளத்தில் 12, ஆக 48 செடிகள். முக்கோணமாக நட்டால் குறுக்கு வரிசைகள் 13 ஆகின்றன; ஆனால் ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் 4 செடிக்குப் பதில் 3 செடியே அடங்குகிறது; மொத்தம் 46. கூடுவதற்குப் பதிலாக இரண்டு குறைந்தன! 3 அங்குல இடைவெளி முள்ளங்கிக்கு இதே கணக்கைப் போட்டால் சதுரத்தில் 768, முக்கோணத்தில் 853 வருகின்றன. அங்கே 11 விழுக்காடு ஆதாயம் உண்டு. குறுகிய பாத்தியில் பெரிய செடியை முக்கோணமாக நடுவதால் ஓரங்களில் இழப்பதே மிகுதி. சிறு பயிருக்கு மட்டும் அந்த முறை உதவும். எனவே முள்ளங்கி, வெங்காயம் ஆகியவற்றுக்கு மட்டும் அதைக் கையாண்டோம்.

சுவரும் பந்தலும்

மேற்குச் சுவரை அவர்கள் ஒரு தடையாகவே பார்த்து வந்தனர். பிற்பகலில் நிழல் தருகிறது என்பது அவர்கள் குறை. ஆனால் அதே காரணத்தால்தான் உயரமான பயிருக்கு ஏற்ற இடம் அதுவாகிறது. பாத்திகள் வடக்கு தெற்காக ஓடுவதால் காலையில் கிழக்கிலிருந்து வரும் ஒளி தாழ்ந்த பயிர்களின் மேலாகச் சென்று பந்தலை முழுவதுமாக அடைகிறது. பிற்பகலில் பந்தல் வீழ்த்தும் நிழலோ, சுவர் எப்படியும் வீழ்த்தும் நிழலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பந்தலால் புதிதாக எந்தப் பயிரும் ஒளியை இழக்கவில்லை. சுவரை ஒட்டாமல் அரை அடி விலக்கிக் கம்பிகள் நட்டு, 6 அடி உயரத்துக்கு வலை கட்டினோம். சுவர் உள்வாங்கும் வெப்பம் இலையைத் தாக்காமலும், பின்புறம் காற்று ஓடவும் அந்த அரை அடி வேண்டும்.

பந்தலின் நீளம் 9 அடி. மர நிழல் விழும் தெற்கு 3 அடியை விட்டுவிட்டோம். 9 அடிக்கு 6 அடி என்றால் 54 சதுர அடி இலைப்பரப்பு, இருபத்திரண்டரை சதுர அடி மண்ணின் மேல் நிற்கிறது. பாகல் 2, வெள்ளரி 2 என்று நான்கே கொடிகள். தரையில் படரவிட்டிருந்தால் இவை நடைபாதையையும் அடுத்த பாத்தியையும் மூடியிருக்கும். மேலே தொங்கும் வெள்ளரி நேராக வளர்கிறது. மண் படாததால் அழுகுவதில்லை. காய் இலைக்குள் ஒளிந்து முற்றிப் போவதும் குறைகிறது. கொடிகளின் முன்னால் மிஞ்சிய 1 அடிப் பட்டையில் வெங்காயத்தை நட்டோம்.

பந்தல் ஒளியை மிச்சப்படுத்தும். வேரின் தேவையைக் குறைக்காது. 54 சதுர அடி இலை வெயிலில் நின்று நீரை வெளியிடும்போது, அந்த நீர் முழுவதும் கீழே இருக்கும் குறுகிய மண்ணிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே பந்தல் பாத்திக்கு மற்றதைவிடத் தாராளமாக நீரும், மண்ணை மூடும் சருகான மூடாக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. சுவரில் தொங்கும் துணிப்பைகள், துளையிட்ட குழாய்கள், அடுக்குக் கோபுரங்கள் ஆகியவை பற்றியும் அவர்கள் கேட்டனர். அவற்றில் ஒரு செடிக்குக் கிடைக்கும் மண் ஒன்றிரண்டு லிட்டர்தான். வெயில் நாளில் காலையில் ஊற்றியது மாலைக்குள் காய்ந்துவிடும். கீரைக்கும் புதினாவுக்கும் அவை பொருந்தலாம். காய்க்கும் செடியை அவற்றில் வைப்பதை நான் ஒப்பவில்லை. 1 அடி விட்டமும் 1 அடி ஆழமும் உள்ள வளர்ப்புப் பையில்கூட 22 லிட்டர் மண்தான் கொள்ளும். ஒரு தக்காளிக்கு அதுவே குறைந்த அளவு.

வெள்ளரி பூத்துத் தள்ளியும் முதல் இரண்டு வாரம் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. முதலில் ஆண் பூக்களே மிகுதியாக வருவது கொடிப் பயிர்களின் இயல்பு. அத்துடன் இரண்டே கொடிகள் உள்ள இடத்தைத் தேனீ அடிக்கடி தேடி வருவதில்லை. பாகலும் வெள்ளரியும் காலையில் விரிபவை என்பதால், காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் சிறு பிஞ்சு தெரியும் பெண் பூவின் நடுவே தொட்டுவிடும்படி சொன்னோம். அம்மையார் அதைத் தம் காலை வேலைகளில் ஒன்றாக்கிக்கொண்டபின் பிஞ்சு நின்றது. பீர்க்கு, சுரை, புடலை போன்றவை மாலையிலும் இரவிலும் விரிவதால் அவற்றுக்கு இந்த வேலையை அந்தி நேரத்தில் செய்ய வேண்டும்.

மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வளர்க்கும் வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் முறையையும் இங்கே கையாளலாமா என்று யோசித்தோம். தண்டில் அவரை ஏற, தரையைப் பூசணி மூட, மூன்றும் ஒன்றுக்கொன்று உதவும் அரிய ஏற்பாடு அது. ஆனால் மக்காச்சோளம் காற்றால் கருவுறும் பயிர். நான்கைந்து தண்டுகள் மட்டும் நின்றால் கதிரில் மணி பிடிக்காது. பூசணிக் கொடியோ ஒரே செடியாக இந்தப் பாத்தி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அவரை வேர்முடிச்சுகளில் சேர்க்கும் தழைச்சத்தும், பெரும்பாலும் அச்செடி மக்கிய பிறகே பிற பயிருக்குக் கிடைக்கும். பரந்த நிலத்தில் சிறந்த முறையாக இருப்பதெல்லாம் 4 அடிப் பாத்தியிலும் சிறப்பாக அமையும் என்று கொள்வதற்கில்லை.

வெறுமையாகக் கிடந்த நாட்கள்

கிழக்குப் பாத்தியின் வடக்கு ஓரத்தில் வெண்டை ஒரு வரிசையாக 4, அடுத்த 4 அடியில் கத்தரி 4, அதற்கடுத்த 4 அடியில் தக்காளி 4, மர நிழல் விழும் கடைசி 3 அடியில் கீரை என்று வைத்தோம். நிழலிடத்தை வீண் இடமாகக் கருதி வந்தவர்களுக்கு, 4 மணி நேர வெயிலில் கீரையும் கொத்தமல்லியும் நன்றாகவே வளரும் என்பது மகிழ்ச்சியான செய்தியாக இருந்தது. காய்க்கும் செடிக்கு 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். இலைக்கு அதில் பாதி போதும்.

பெரிய செடிகளின் எண்ணிக்கை இப்போது பந்தல் கொடிகளையும் சேர்த்து 16 மட்டுமே. 60 செடிகள் நின்ற இடத்தில் 16 என்றதும் கணவர் தயங்கினார். அந்தத் தயக்கத்துக்கு விடை, பரப்போடு நாளையும் பெருக்கிப் பார்ப்பதில் இருக்கிறது.

2 அடிக்கு 2 அடியில் நட்ட ஒரு தக்காளிக்கு 4 சதுர அடி ஒதுக்கப்படுகிறது. ஆனால் நட்டு ஐந்து வாரம் வரை அது 1 சதுர அடியைத்தான் நிரப்புகிறது. 4 தக்காளிக்கு ஒதுக்கிய 16 சதுர அடியில் 12 சதுர அடி, 35 நாட்களுக்கு வெயிலை வெறும் மண்ணில் வாங்கிக்கொண்டிருக்கிறது. பெருக்கினால் 420 சதுர அடி-நாட்கள். முள்ளங்கிக்கும் முளைக்கீரைக்கும் விதைத்ததிலிருந்து 25 முதல் 30 நாட்களே தேவை. தக்காளி நாற்றை நட்ட அன்றே இடைவெளியில் இவற்றை விதைத்தால், தக்காளியின் கிளைகள் விரியத் தொடங்கும்போது இவை பறிக்கப்பட்டுவிடும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரையொட்டிய காய்கறித் தோட்டக்காரர்கள் முள்ளங்கி, கேரட், லெட்டூஸ் கீரை மூன்றையும் ஒரே பாத்தியில் ஒரே சமயத்தில் இட்டு, ஒன்று வெளியேற மற்றொன்று விரிய என்று தொடர்ந்து பறித்தது இதே கணக்கில்தான். அவர்கள் நெருக்கி நட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு பயிரும் எந்த வாரத்தில் இடத்தை விட்டுப் போகும் என்பதை அறிந்து நட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

நாற்றையும் பாத்தியிலிருந்து வெளியேற்றினோம். முன்பு பாத்தியின் ஒரு மூலையில் தூவி, பின் பிடுங்கி நட்டு வந்தனர். இப்போது தட்டுகளில் விதைத்து முற்றத்து ஓரத்தில் வளர்க்கின்றனர். விதையிலிருந்து கடைசிப் பறிப்பு வரை 120 நாள் ஆகும் பயிர், ஆண்டுக்கு மூன்று முறைதான் ஒரே இடத்தில் அடங்கும். அதில் 30 நாளைத் தட்டில் கழித்தால் பாத்தியில் 90 நாள், நான்கு முறைக்கு இடம் வந்துவிடும். பருவநிலை ஒத்துழைக்கும் இடங்களில் இது முழுமையாகக் கைகூடும். குளிரோ கடும் மழையோ இடையில் வரும் இடங்களிலும் ஒரு மாத ஆதாயம் எப்போதும் உண்டு.

கீரையை ஒரே நாளில் முழுவதும் விதைக்காமல், 12 சதுர அடியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாளுக்கு ஒரு பகுதியாக விதைத்தோம். ஒரு வாரம் மலிந்து மறுவாரம் இல்லாமற்போவது நின்றது. வேரோடு பிடுங்குவதற்குப் பதில் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே நறுக்கினால் மீண்டும் துளிர்க்கும் அரைக்கீரை போன்ற வகைகளையே தேர்ந்தோம்.

மிகவும் கடினமாக இருந்தது பழைய செடியை எடுக்கும் முடிவு. தக்காளி காய்ப்பு ஓய்ந்து, வாரத்துக்கு இரண்டு மூன்று சிறு காய்கள் தரும் நிலைக்கு வந்தபோதும், "காய்க்கிற செடியை எப்படிப் பிடுங்குவது?" என்று அம்மையார் கேட்டார். அந்த மனம் எனக்குப் புரிகிறது. தன் கையால் வளர்த்ததை வேரோடு எடுப்பது எளிதன்று. ஆனாலும் 16 சதுர அடியை அந்த இரண்டு மூன்று காய்களுக்காகக் கட்டிப்போடுவது, வரப்போகும் பயிரை அன்றாடம் இழப்பதாகும். அடுத்த நாற்று தட்டில் தயாராக நிற்கும்போது இந்த முடிவு சற்று எளிதாகிறது. வெண்டை 4 செடி ஒரு வேளைச் சமையலுக்குப் போதவில்லை என்ற குறையும் இருந்ததால், தக்காளி நின்ற இடத்தில் 1 அடி இடைவெளியில் 16 வெண்டைச் செடிகள் வந்தன.

நீரும் மண்ணும்

1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 லிட்டர். வெயில் மிகுந்த நாளில் முழுதும் இலை மூடிய பாத்தி 5 மில்லிமீட்டர் அளவு இழக்கும். 78 சதுர அடி என்பது ஏழே கால் சதுர மீட்டர். ஆகவே நாளுக்குச் சுமார் 36 லிட்டர். பூவாளியால் இலைமேல் தெளிப்பதை நிறுத்தி, செடியின் அடியில் உள்ள மண்ணில், காலையில் ஊற்றும்படி மாற்றினோம். காய்ந்த இலைச் சருகை மூடாக்காக இட்டோம். நோய்ப் புள்ளிகள் முற்றிலும் மறையவில்லை என்றாலும், அடி இலைகளோடு நின்றுவிட்டன.

நெருக்கமான சிறு தோட்டத்துக்கு வரும் உண்மையான ஆபத்து மண்ணுக்குள் இருக்கிறது. வேருக்குள் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கும் நுண்ணிய புழுவான வேர்முடிச்சு நூற்புழு, தக்காளி, கத்தரி, வெண்டை, வெள்ளரி ஆகிய நான்கையும் தாக்கும். அதாவது இந்தத் தோட்டத்தில் இடம் மாற்றி நட்டாலும் அதற்கு உணவு கிடைத்துக்கொண்டே இருக்கும். பயிர்க் குடும்பத்தை மாற்றும் சுழற்சி இரண்டு பாத்திகளுக்குள் முழுமையாக அமைவது அரிது. அதனால் எடுக்கும் ஒவ்வொரு செடியின் வேரையும் கழுவிப் பார்ப்பதை ஒரு வேலையாகவே வைத்தோம். தக்காளி வேர்கள் சுத்தமாக இருந்தன. அதனால்தான் அங்கே வெண்டைக்கு ஒப்புக்கொண்டேன். கத்தரிச் செடிகளில் ஒன்றின் வேரில் மட்டும் மணி மணியாக முடிச்சுகள் இருந்தன.

அந்தச் செடி நின்ற 4 சதுர அடியில் இந்தப் பருவம் செண்டுமல்லி மட்டும் நடப்பட்டுள்ளது. அதன் வேரில் உள்ள வேதிப்பொருள் நூற்புழுவை ஒடுக்கும். ஆனால் காய்கறிகளுக்கு இடையே ஒன்றிரண்டு நட்டால் போதாது, இடம் முழுவதையும் நெருக்கமாக மூடி, ஒரு பருவம் நிற்க வேண்டும். இட நெருக்கடி உள்ள தோட்டத்தில் 4 சதுர அடியை மூன்று மாதம் விட்டுக்கொடுக்கத் தம்பதியர் உடனே இசைந்தனர். பூத்து முடிந்ததும் செடிகளை நறுக்கி அங்கேயே புதைத்து, அடுத்த இரண்டு பருவத்துக்குக் கத்தரிக் குடும்பத்துப் பயிர் எதையும் அந்த மூலையில் வைக்காமல், கீரையை அங்கே நகர்த்தி, வேர்களைத் தொடர்ந்து சோதித்து வருவதாக ஏற்பாடு.